தெற்கே போனவர்களுக்குப் புதைத்த சோறு

பட்டுக்கனி கணுக்கால் அளவு உப்புத்தண்ணீரில் நின்று, நீளக் கம்பு போட்ட பலகையைப் பாத்திக்குள் எட்டித் தள்ளி, அடியில் விளைந்து கிடந்த உப்பை வரப்போரத்துக்கு இழுத்து, மறுபடி தள்ளி, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான், கிழக்கு வரப்பு மேல் நாலு பேர் ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வண்டிக்குச் சக்கரம் இல்லை. முனை வளைந்த ரெண்டு நீளப் பலகை மேல் மூட்டையும் பெட்டியுமாகக் கட்டியிருந்தது. நாலு பேரும் இடுப்பில் வார் மாட்டி, வாரில் கயிறு போட்டு, செக்குமாடு மாதிரித் தலையைத் தொங்கவிட்டு இழுத்தார்கள். பங்குனி மாசத்து உச்சிவெயில். புதுசாய் வேலைக்கு வந்தவள் வெறுங்காலை வரப்பில் வைத்தால் தோல் கழன்று வரும். அந்த வெயிலில் அவர்கள் ரோமத்தோல் சட்டை போட்டு, காதை மூடித் தொப்பி போட்டு, தாடி மீசையெல்லாம் ஐஸ் பிடித்து, அந்த ஐஸ் ஒரு சொட்டுக்கூட உருகாமல் வந்தார்கள்.

முதலில் சத்தம் போட்டது கங்காணி தவசிமுத்து அண்ணாச்சிதான். "யோவ், வரப்ப மிதிக்காதீயய்யா! நேத்துத்தான மண்ணு வச்சுப் பூசுனோம்!" என்று குடையை மடக்கிக்கொண்டு ஓடினார். நாலு பேரும் காதில் வாங்கவில்லை. கிட்டப் போன கங்காணி அப்படியே நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு, மெதுவாய்த் திரும்பி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, யாராம்?"

"யாருன்னு தெரியல. குளிருது."

"குளிருதா!" பக்கத்துப் பாத்தியில் நின்ற பனிமயம் மதினி பலகையைக் கீழே போட்டாள். "எம் பேருலதான் பனி இருக்கு, நாப்பது வருசமா இதுக்குள்ள வெந்துக்கிட்டுல்லா கெடக்கேன். இருங்க, நானும் ஒருக்கா குளுந்துட்டு வாறேன்." போனாள். போனவள் வரக் காணோம் என்று இன்னொருத்தி போனாள், அவளைத் தேடி மற்றொருத்தி போனாள், கடைசியில் அளத்துப் பொம்பளைகள் முப்பது பேரும் அந்த வண்டியைச் சுற்றி நின்று, கையை நீட்டி நீட்டி, அடுப்புக்கு முன்னால் குளிர்காய்கிறவர்களைப் போல, அந்தக் குளிரில் காய்ந்தார்கள்.

அவர்கள் யாரென்று பட்டுக்கனிக்குத்தான் தெரிந்தது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்த அஞ்சாம் வகுப்பில் ஞானசவுந்தரி டீச்சர் சொன்ன ஒரு பாடம் மட்டும் மறக்கவில்லை. பூமிக்கு வடக்கே ஒரு முனை, தெற்கே ஒரு முனை, ரெண்டும் பனி. மனுசன் கால் படாத இடம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து சில பேருக்குத் தூக்கம் வராமல் போக, கப்பல் கட்டிக்கொண்டு போனார்கள். கடல் உறைந்து கப்பலைப் பாக்குவெட்டிக்குள் பாக்குப் போல நெரித்தது. குதிரை கொண்டு போனவர்கள் குதிரையைத் தின்றார்கள், நாய் கொண்டு போனவர்கள் நாயைத் தின்றார்கள், ஒன்றுமில்லாதவர்கள் செருப்பு வாரை வேகவைத்துத் தின்றார்கள். போகிற வழியில் அங்கங்கே சாப்பாட்டைப் புதைத்து, மேலே கொடி நட்டு, திரும்பும்போது அதைத் தோண்டித் தின்று வீடு வந்து சேர வேண்டும், அதுதான் கணக்கு. ஒரு கூட்டம் முனையைத் தொட்டுக் கொடி நட்டு ஊர் திரும்பியது. இன்னொரு கூட்டம் நடந்து நடந்து போய்ச் சேர்ந்தால், அங்கே முந்திப் போனவன் கொடி ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் திரும்புகிற வழியில், சாப்பாடு புதைத்த இடத்துக்கு ஒரு நாள் நடை இருக்கும்போது, கூடாரத்துக்குள் படுத்தபடியே உறைந்து போனார்கள். புதைக்கப் போன அன்றைக்குக் குதிரை தளர்ந்துபோனதென்று பாவம் பார்த்து, சொன்ன இடத்துக்கு முன்னாலேயே புதைத்துவிட்டார்களாம். "பாவம் பாத்தது குதிரைக்கு, செத்தது மனுசன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் கரும்பலகையைத் துடைத்தார்.

அது புத்தகத்தில் பேர் வந்தவர்கள் கதை. பேர் வராதவர்கள் எத்தனையோ கூட்டம் போயிருக்கும். இன்னும் போய்ச் சேராமல், எதெது வெள்ளையாய்த் தெரிகிறதோ அதிலெல்லாம் நடந்துகொண்டிருப்பார்கள். இந்த நாலு பேரும் அப்படித்தான் என்று பட்டுக்கனி பனிமயம் மதினியின் காதில் மட்டும் சொன்னாள், சத்தமாய்ப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. சாயங்காலத்துக்குள் அளம் பூராவும் தெரிந்துவிட்டது. ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. மழை வந்தால் விளைச்சல் போச்சு, காற்று மாறினால் விளைச்சல் போச்சு என்று கண்ணுக்குத் தெரியாததற்கெல்லாம் பயந்து பிழைக்கிறவர்களுக்கு, கண்ணுக்கு முன்னால் நிற்கிற நாலு பேர் ஒரு அதிசயமா?

நாலு பேரும் தட்டுமேட்டில் குவித்திருந்த உப்பு அம்பாரத்தைப் பார்த்ததும் வாரை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒருத்தர் நொண்டியபடியே, ஓடினார்கள். கையாலேயே தோண்டினார்கள். தோண்டத் தோண்ட உப்பு. ஒருத்தர் ஒரு கை அள்ளி வாயில் போட்டு, துப்பி, அப்படியே சரிந்து உட்கார்ந்து அழுதார். அழுத கண்ணீர் கன்னத்திலேயே உறைந்து மணி மணியாய் நின்றது.

"ஏட்டி, சோத்தத் தேடுதாகட்டி" என்றாள் பனிமயம் மதினி. தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை நீட்டினாள். அவர் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. கையில் கொடுப்பது எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை. அப்போது பட்டுக்கனி, யாரிடமும் கேட்காமல், தன் வாளியை மூடியோடு கொண்டுபோய் அம்பாரத்தின் மறுபக்கம் முழங்கை ஆழத்துக்குப் புதைத்து வைத்தாள். மேலே நட ஒரு சிவப்புத் துணி வேண்டியிருந்தது. பனிமயம் மதினி மறைவில் போய், உள்பாவாடையின் கீழ்க்கரையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். ஒரு உடைமரக் கம்பில் அது ஆடினதுதான் தாமதம், நாலு பேரும் ஓடி வந்து தோண்டி, கஞ்சியையும் சுட்ட கருவாட்டையும் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றார்கள்.

"பாத்தியா மதினி, ஒம் பாவாடையப் பாத்துத்தான் தொரைமாரு வழி கண்டுபிடிக்காக" என்றாள் கூட நின்ற ஒருத்தி.

"போட்டி சவமே. எம் புருசன் முப்பது வருசமாப் பாத்தும் ஒரு வழியும் கண்டுபிடிக்கல."

அன்றையிலிருந்து அது ஒரு முறை ஆகிப்போனது. காலையில் வேலைக்கு இறங்குமுன் ஆளுக்கொரு உருண்டை சோறு, ஒரு துண்டு கருவாடு, அம்பாரத்துக்குள். அப்புறம்தான் பலகையைத் தொடுவது. அவர்கள் கூடாரம் தட்டுமேட்டு ஓரத்தில் நின்றது, தினம் ஒருக்கா வண்டியை அளத்தைச் சுற்றி இழுத்துவிட்டு அங்கேயே வந்து படுத்தார்கள். சுற்றிப் பத்தடிக்குக் குளிர். அந்தப் பத்தடிக்குள் குடிதண்ணீர்ப் பானைகள் வந்தன, கங்காணி வீட்டு மீன் வந்தது, பால்குடிப் பிள்ளைகளின் தொட்டில் வந்தது. பனிமய மாதாதான் அனுப்பினாள் என்று சிலர் மெழுகுதிரி கொளுத்தினார்கள், திரி எரிந்தும் மெழுகு உருகவில்லை. சுடலைமாடனுக்கு நேர்ந்தவர்கள் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், அது கல்லாய்ப் போனது. ஒரு ஆபீசர் ஜீப்பில் வந்து, இவர்களிடம் ஏதாவது அட்டை இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்று எழுதி, ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அளத்து முதலாளி போனில் கேட்டார், "கூலி கேக்கானுவளா?" "இல்ல முதலாளி." "அப்ப கெடக்கட்டும்." அளத்து நாய்கள் மட்டும் கிட்ட வரவில்லை. வண்டியின் பின்னால் பதினோரு சின்ன வார்கள், நாய்க் கழுத்து அளவுக்கு, வெறுமையாய்த் தொங்கின.

பட்டுக்கனிக்கு அந்தக் குளிர் வேறொரு வகையில் வந்து வாய்த்தது. அவள் பிள்ளை அன்புச்செல்விக்குப் பத்து மாசம். உடம்பெல்லாம் வேனல் கட்டி, மூணு மாசமாய்த் தூக்கம் கிடையாது, அழுகை, அழுகை. பனிவண்டிப் பக்கத்தில் தொட்டில் கட்டின முதல் நாளே பிள்ளை தூங்கியது. நாலாம் நாள் கட்டி வாடியது. ஒரு வாரத்தில் சிரித்தது. புருசன் அய்யாப்பழம், ஓலைக்கொட்டானில் உப்புச் சுமக்கிறவன், நல்ல வாட்டசாட்டம், பேச்சு மட்டும் கொட்டானுக்கு ஒன்றாகத்தான் வரும். அவன் தொட்டிலை எட்டிப் பார்த்து, "இவுக போகவே வேண்டாம்" என்றான். பட்டுக்கனியும் அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். போகவே வேண்டாம்.

நாலு பேருக்கும் பேர் வைத்திருந்தார்கள். முன்னால் இழுக்கிறவர் முன்னேர். எப்போதும் நோட்டில் எழுதுகிறவர் எழுத்துக்காரர். பென்சிலை வாயில் வைத்துச் சூடாக்கிச் சூடாக்கி எழுதுவார், கையில் பாதி விரல் கிடையாது. ஒருத்தர் சும்மா சிரிப்பார், அவர் சிரிப்புக்காரர். நாலாவது ஆள் நொண்டி. அவருக்கு ரெண்டு பாதமும் கறுத்துப்போயிருந்தது, காட்டு விறகு கரிந்த மாதிரி.

ஒரு மத்தியானம் பொம்பளைகள் எல்லாரும் தகரக் கொட்டகைக்குள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது அந்த நொண்டி கூடாரத்தை விட்டு வெளியே வந்தார். கையுறையைக் கழற்றி, மடித்து, வண்டி மேல் வைத்தார். தொப்பியைக் கழற்றி அதன் மேல் வைத்தார். தெற்கே பார்த்து, கடல்தண்ணீர் தேக்கி வைக்கிற தெப்பத்தைத் தாண்டி, வெறும் வெள்ளையாய்க் கிடந்த காய்ச்சல் பாத்திப் பக்கமாய் நடந்தார்.

"ஒதுங்கப் போறாரு போல. அங்கன பாக்காதீங்கட்டி" என்றாள் பனிமயம் மதினி. முப்பது பொம்பளைகளும் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பிட்டு, வாளி கழுவி, கொண்டை முடிந்து, போதுமான நேரம் ஆகியிருக்கும் என்று திரும்பினபோது வெள்ளையில் யாரும் இல்லை. காலடி மட்டும் ஒரு வரிசை போயிருந்தது, ஒவ்வொரு அடியிலும் ஒரு சிரட்டை பனி, அதுவும் தெற்கே ஒரு இடத்தில் நின்றுபோயிருந்தது.

மூணு பேரும் வார் மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். வண்டி அசையவில்லை. நாலு பேருக்கென்று கட்டின வண்டி. காலியான நாலாவது வார் தரையில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு மூணு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள், குளிர் அன்றையிலிருந்து பரவ ஆரம்பித்தது. பத்தடி இருபதடியாச்சு, இருபது நூறாச்சு. வண்டி நகர்ந்துகொண்டே இருக்கிற மட்டும்தான் குளிர் அதோடு ஒட்டிக்கொண்டு இருக்கும் போல. நின்றால் தண்ணீர் மாதிரி எல்லாப் பக்கமும் ஓடும் போல. சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரம் வந்தபோது அளம் பூராவும் மார்கழியாய்க் கிடந்தது. பாத்தியில் தண்ணீர் தண்ணீராகவே நின்றது. கங்காணி தினம் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். உப்புக்கு வெயில் வேண்டும், வெயில் இருந்தது, சூடு இல்லை. வாருவதற்கு உப்பு இல்லாத நாளில் கூலி இல்லை. பதினெட்டு நாள். நாற்பது வீட்டில் அடுப்பு ஒரு நேரமாகியது, அப்புறம் அந்த ஒரு நேரமும் கஞ்சித்தண்ணீர் ஆகியது. அப்படியும் காலையில் அம்பாரத்தில் உருண்டை புதைப்பதை யாரும் நிறுத்தவில்லை, உருண்டைதான் சின்னதாகிக்கொண்டே போனது. எலுமிச்சம்பழம் அளவு வந்தபோது கங்காணி கூட்டம் போட்டார்.

"பொம்பளயாளுக, ஆம்பளயாளுக எல்லாரும் கேளுங்க. அவுகள வெரட்ட நமக்கு மனசு வராது. வெரட்டுனாலும் போக மாட்டாக, இழுக்க ஆளில்ல. நாலாவது வாரு காலியா இருக்கு. ஒரு ஆளு மாட்டுனா வண்டி நகரும். வண்டி நகந்தா குளிரு போவும்."

"எது வரைக்கும் இழுக்கணும் அண்ணாச்சி?"

"நம்ம அளத்து எல்லை தாண்ட மட்டும்னு வச்சுக்கிடுவோம்."

"வச்சுக்கிடுவோம்னா?"

கங்காணி குடையை ஊன்றி எழுந்தார். "சீட்டுப் போட்டுருவோம்" என்றார்.

தை மாசம் யாருக்கு எந்தப் பாத்தி என்று சீட்டுப் போட்டுத்தான் பிரிப்பது அந்த அளத்து வழக்கம். எழுத்துத் தெரியாத பிள்ளைதான் சீட்டை எடுக்கணும். எழுத்துத் தெரிந்தவன் கை பொய் சொல்லும் என்பார்கள். இந்தத் தையில் எடுத்தது அன்புச்செல்வி. எல்லாருக்கும் நல்ல விளைச்சல், கைராசிக்காரி என்று பேர் வாங்கியிருந்தாள். "பட்டுக்கனி பிள்ளையே எடுக்கட்டும்" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. பட்டுக்கனிக்கு நெஞ்சுக்குள் ஒரு நிமிசம் பெருமையாய் இருந்தது. அந்த ஒரு நிமிசத்துக்காக அப்புறம் எத்தனை நாள் அவள் தன் மண்டையில் தானே அடித்துக்கொண்டாளோ. பிள்ளை மூக்கைத் துடைத்து, முடியை ஒதுக்கி, நடுக்கூட்டத்தில் இறக்கிவிட்டாள். ஆம்பளைகள் பேர் முப்பத்தாறு, ஒரு உப்புக்கொட்டானுக்குள். பிள்ளை கொட்டானுக்குள் எட்டி, ஒரு சீட்டை எடுத்து, வாயில் வைத்தது. கங்காணி அதை வாயிலிருந்து பிடுங்கி, எச்சிலைத் துடைத்து, பிரித்தார். பிரித்தவர் படிக்கவில்லை. பட்டுக்கனியைப் பார்த்தார்.

உடைமர நிழலில் புருசனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை ரெண்டு பேருக்கும் நடுவில் உப்புக் கட்டி வைத்து விளையாடியது.

"மறுக்கா சீட்டுப் போடச் சொல்லிக் கேப்பமா?" என்றாள்.

"மறுக்கா போட்டு யாரு பேரு வரணும்ங்குத? மதினி வீட்டு அண்ணனுக்கு மூச்சு இளப்பு. கடைசி வீட்டுக்காரனுக்குப் பொண்டாட்டி முழுகாம இருக்கா. யாரச் சொல்லு."

அவள் பிள்ளை வாய்க்குப் போன உப்புக் கட்டியைப் பிடுங்கினாள்.

"தெக்க போனா கடல்லா வரும்?"

"அவுகளுக்கு உறைஞ்சிருக்குமாம்."

"எத்தன நாளாகும்னு கேட்டீங்களா?"

"எழுத்துக்காரர்ட்ட சைகையில கேட்டேன். கையக் காட்டுனாரு."

"எத்தன வெரலு காட்டுனாரு?"

அய்யாப்பழம் சிரித்தான். "அவருக்கு வெரலு முழுசா இருந்தால்ல எண்ணுததுக்கு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவன் காலை நீட்டி, உள்ளங்காலைத் தட்டிக் காட்டினான். பதினாலு வருசம் உப்புக்குள் நின்ற கால். பாறை மாதிரி இருந்தது. "நம்மாளுக காலு சிதையிலயே வேகாதுன்னு சொல்லுவாவள்ளா. நெருப்புக்கே அசையாத காலு. பனி என்ன செஞ்சுரும்?"

மறுநாள் காலையில் அவன் நொண்டியின் தொப்பியையும் கையுறையையும் போட்டு, நாலாவது வாரை இடுப்பில் மாட்டினான். எழுத்துக்காரர் நோட்டைத் திறந்து அவன் முன்னால் நின்று புருவத்தைத் தூக்கினார். "அய்யாப்பழம்" என்றான். அவர் பென்சிலை வாயில் வைத்து, எடுத்து, நெடுநேரம் எழுதினார். "எலே, புத்தகத்துல ஒம் பேரு வந்துட்டுலே" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நாலு பேரும் குனிந்து இழுத்தார்கள், வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு நகர்ந்தது. பொம்பளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தபோது, பட்டுக்கனி, வாழ்நாளில் சத்தம் போடாதவள், "யாரும் திரும்பக் கூடாது! அவுக போறதப் பாருங்க! கண்ணு மூடாமப் பாருங்க!" என்று கத்தினாள். பார்த்தார்கள். அப்படியும் ஒரு இடத்துக்கு மேல் வெள்ளைதான் தெரிந்தது. அளத்து எல்லைக் கல்லை வண்டி தாண்டியது. வார் அவிழவில்லை, யாரும் திரும்பவில்லை.

அன்றைக்கே மத்தியானம் வெயில் தன் குணத்துக்கு வந்தது. மூணாம் நாள் பாத்தியில் உப்பு பூத்தது. எல்லாரும் சந்தோசத்தைச் சத்தமில்லாமல் பட்டார்கள், பட்டுக்கனி நின்ற வரப்புப் பக்கம் வராமல் சுற்றிப் போனார்கள். பிள்ளைக்கு மறுபடியும் கட்டி வந்தது.

புதைத்து வைத்தால்தான் திரும்ப முடியும் என்பது டீச்சர் சொன்ன பாடம். தினம் காலையில் தட்டுமேட்டுத் தென்கோடி அம்பாரத்தில் நாலு பேருக்கு நாலு உருண்டை புதைத்தாள், நேற்றையதைத் தோண்டி எடுத்துக் காக்கைக்கு வைத்தாள். பாவாடைத் துணி வெயிலில் வெளுக்க வெளுக்கப் புதுத்துணி கட்டினாள். வைகாசி போச்சு, ஆனி போச்சு. ஆடிக்காற்றில் கம்பு சாயாமல் இருக்க, வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பைப் பிடித்து நின்றாள். பனிமயம் மதினி தன் பங்குக்கு ஒரு உருண்டை கொண்டு வருவாள், புதைத்துவிட்டுப் போவாள். "எம் புருசன் பேரு வந்துருக்கணும்ட்டி" என்று ஒரு நாள் சொன்னாள். "அந்த மனுசன் எப்படியும் இளச்சுக்கிட்டுத்தான் கெடக்கு." பட்டுக்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புரட்டாசி கடைசி. ஐப்பசி மழைக்கு முன்னால் அம்பாரம் எல்லாம் லாரி ஏறிப் போகணும், மழையில் நின்றால் கரைந்துபோகும். ஒவ்வொன்றாய்ப் போயின. தென்கோடி அம்பாரம் ஒன்றுதான் மிச்சம்.

"அண்ணாச்சி, இத மட்டும் விட்டுருங்க."

"மொதலாளி வித்துட்டாருமா. நான் என்ன செய்ய? கொடிய அந்தக் கொட்டகைப் பக்கமா நட்டுக்கிட்டாப் போச்சு. நூறடிதான."

"நூறடியா?" என்றாள். டீச்சர் சொன்ன ஒரு நாள் நடையும், குதிரைக்குப் பாவம் பார்த்தவர்களும் நெஞ்சில் வந்து நின்றார்கள். "வாறவுக இந்த எடத்தத்தான் தேடுவாக. அவுக கண்ணுல பனி அடிச்சிருக்கும், நூறடி தள்ளி நின்னாத் தெரியாது அண்ணாச்சி."

"அஞ்சு மாசமாச்சும்மா." கங்காணி குரலைத் தாழ்த்தினார். அவரும் பெத்தவர்தான். "கடைசிக் கொட்டான் வரைக்கும் நீ மேல நின்னுக்கோ. நீ இறங்குனப் பெறகுதான் லாரி கதவச் சாத்தச் சொல்லுதேன். அதுக்கு மேல என்னால ஆவாது."

அப்படித்தான் அந்தக் கடைசி நாள், சுற்றிலும் பொம்பளைகள் வரிசையில் நின்று உப்பை வாரி வாரிக் கொட்டானில் நிரப்பி லாரிக்கு அனுப்ப, பட்டுக்கனி அம்பாரத்து உச்சியில் கம்பைப் பிடித்துக்கொண்டு தெற்கே பார்த்து நின்றாள். காலுக்குக் கீழே உப்பு சரிந்துகொண்டே போனது. காலையில் பனை உயரத்தில் நின்றவள், மத்தியானம் ஆள் உயரத்துக்கு இறங்கி, அப்புறம் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டாள். காலையில் புதைத்த நாலு உருண்டையும் வெளியே வந்து விழ, அதைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். பனிமயம் மதினி வேண்டுமென்றே ஒரு கொட்டானுக்கு ரெண்டு கொட்டான் நேரம் எடுத்தாள். மற்றவர்களும் அதைப் பார்த்து மெதுவானார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

அப்போது அவளுக்குக் கை மயிர் சிலிர்த்தது. தெற்கேயிருந்து குளிர்ந்த காற்று ஒரு நூலாய் வந்து கன்னத்தில் பட்டது. தெப்பத்துத் தண்ணீர் மேல் பால் ஆடை மாதிரி ஏதோ படர்ந்தது. கொட்டகை நிழலில் படுத்திருந்த நாய்கள் எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு வடக்கே ஓடின. "மதினி" என்றாள், லாரி ஹாரன் அதை அமுக்கியது. வெள்ளைக்கு நடுவே, எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், ஒரு கறுப்புப் புள்ளி. வெயிலில் தெரிகிற கானலாய் இருக்கும் என்று கண்ணைக் கசக்கக்கூட அவளுக்குத் துணிவில்லை, கசக்கினால் அந்த நேரத்துக்குக் கண் மூடும். ரெண்டாவது புள்ளி. குனிந்து இழுக்கிறவர்களின் நடை, அவளுக்குத் தெரியும். மூணாவது. மூணு பேருக்கும் நடுவே தளராமல் விறைத்து நிற்கிற கயிறும், அதன் பின்னால் அந்த வண்டியும், வண்டி மேல் நீளமாய், ஒரு ஆள் நீளத்துக்கு, துணி போட்டுக் கட்டின ஏதோ ஒன்றும். இல்லை, அது மூட்டையாகத்தான் இருக்கும், போகும்போதும் மூட்டை இருந்தது, நாலாவது ஆள் வண்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வரலாம், அய்யாப்பழம் பின்னால் நின்று தள்ளுகிறவன்தான், எந்த வண்டி மண்ணில் புதைந்தாலும் இறங்கிப் போய்ப் பின்னால் நின்று தோள் கொடுக்கிறவன்தான். வண்டி இன்னும் கொஞ்சம் திரும்பினால் பின்பக்கம் தெரிந்துவிடும். திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. அவள் கம்பை ரெண்டு கையாலும் உயரத் தூக்கினாள், காலுக்குக் கீழே கடைசி உப்பு சரிந்தது, "ஏட்டி, இறங்கு, ஒம் பிள்ள!" என்று பனிமயம் மதினியின் குரல் வந்தது, அதற்குப் பின்னால், தொட்டிலிலிருந்து இறங்கி லாரிச் சக்கரம் வரைக்கும் தத்தித் தத்திப் போய்விட்ட அன்புச்செல்வி, அன்றைக்குத்தான் முதல் தடவையாய், முழுசாய், "அம்மா" என்று கூப்பிட்டது கேட்டது, திரும்பக் கூடாது, ஒரு கணம்கூடத் திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டே பட்டுக்கனி தலையை மட்டும் திருப்பிப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, மறுபடி தெற்கே பார்த்தபோது அந்த வெள்ளைக்கு நடுவில் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை, ஒவ்வொரு அடியிலும் ஒரு சிரட்டை பனியோடு காலடி மட்டும் எல்லைக் கல் வரைக்கும் வந்து நின்றுபோயிருந்தது.